மூன்று குழி ரொட்டி

சாந்தா ரீத்தா என்கிற ஊருக்கு நீங்கள் என்றைக்காவது போக நேர்ந்தால், அது மெக்சிகோ மேட்டுநிலத்தில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில், பேருந்து வந்து மூச்சு வாங்கித் திரும்பிப் போகிற கடைசி ஊர், அங்கே போவதற்கு முன்னால் நாலு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டு போங்கள். யாராவது உங்களைக் கூப்பிட்டால் 'என்ன?' என்று வெடுக்கென்று கேட்காதீர்கள். 'மாந்தே' என்று சொல்லுங்கள், 'உத்தரவு சொல்லுங்கள்' என்று அதற்கு அர்த்தம், அங்கே பேரப்பிள்ளையைக்கூட அப்படித்தான் கேட்கச் சொல்லி வளர்க்கிறார்கள். 'அஓரித்தா' என்று எவராவது சொன்னால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அது நம்முடைய 'இதோ' மாதிரி ஒரு சொல், அந்த இதோவுக்குள் ஐந்து நிமிடமும் அடங்கும், அடுத்த வருடமும் அடங்கும். சாப்பிட்டு முடித்த கையோடு எழுந்து விடாதீர்கள். பாத்திரம் காய, காப்பி ஆற, பேச்சு மட்டும் ஆறாமல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதற்கு அங்கே 'சோப்ரெமேசா' என்று தனியாகப் பேரே இருக்கிறது, பாதியில் எழுகிறவனை நோயாளி என்று நினைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனவரி ஆறாம் தேதி உங்களுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்து, அதைக் கடிக்கும்போது பல்லில் ஏதாவது தட்டுப்பட்டால், தயவுசெய்து வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கோயம்புத்தூர் குணசீலன் சொல்லவில்லை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

குணசீலன் நம்ம பையன், பையன் என்றால் நாற்பது தாண்டின பையன், ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்குவதில் கெட்டிக்காரன். ஒரு பம்ப்செட் கம்பெனி அந்தச் சோளக்காட்டுக் கிணறுகளைச் சரிபண்ணச் சொல்லி அவனை அனுப்பிவைக்க, அவன் டோன்யா எல்வீராவின் ரொட்டிக்கடை மாடியில் குடியிருந்தான். டோன்யா என்றால் பெண்களுக்கான மரியாதை, ஆண்களுக்கு டான். குணசீலனையும் ஊர் டான் குனா ஆக்கிவிட்டது. கணவர் போனபிறகு ஒற்றை ஆளாக அடுப்பை மூட்டி, மாவைப் பிசைந்து, ஊருக்கே காலை ரொட்டி போட்டுக்கொண்டிருந்த எல்வீரா, மாடிக்கு வந்த அந்நியனுக்கு முதல் நாளே ஒரு தட்டு பீன்ஸும் சூடான ரொட்டியும் கொடுத்தனுப்பினார், மறுநாளும் கொடுத்தனுப்பினார், அவனுக்குச் சளி பிடித்தபோது பட்டையும் எலுமிச்சையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை அவரே படியேறிக் கொண்டுவந்து, குடித்து முடிக்கிறவரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அந்த ஊரில் குணசீலனுக்கு மனுஷர் என்று ஒருவர் இருந்தால் அது அந்த அம்மாள்தான்.

மூன்று ராஜாக்கள் குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த நாள் ஜனவரி ஆறு. அன்றைக்கு வீட்டுக்கு வீடு 'ரோஸ்கா' வெட்டுவார்கள். வண்டிச் சக்கரம் மாதிரி பெரிய வளைய ரொட்டி, மேலே பச்சையும் சிவப்புமாகச் சர்க்கரையில் ஊறின பழங்கள், உள்ளே கட்டைவிரல் நீளத்துக்குச் சின்னஞ்சிறு குழந்தைப் பொம்மைகள். குழந்தையைக் கொல்லத் தேடிய இன்னொரு ராஜாவின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்ததற்கு அடையாளம் அது. பொம்மை யாருடைய துண்டில் வருகிறதோ அவர்தான் 'பத்ரினோ', குழந்தைக்கு ஞானத் தகப்பன். பிப்ரவரி இரண்டாம் தேதி கந்தெலாரியா பண்டிகைக்கு அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் தமால் செய்து போடவேண்டும், அதாவது மக்காச்சோள மாவைக் கறியோடும் காரத்தோடும் சோளக்கதிரின் மேல்தோகையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த பண்டம், நம்ம இலைக் கொழுக்கட்டைக்குக் கடல்தாண்டிய பங்காளியைப்போல ஒன்று. இதெல்லாம் அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை, குணசீலனுக்கும் யாரும் சொல்லவில்லை.

எல்வீரா வருடா வருடம் தெருவையே கூப்பிட்டு ரோஸ்கா வெட்டுகிறவர். மருந்துக்கடை டான் இலாரியோ வந்திருந்தார், அவர் குரல் அவருக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்காரும். சவரக்கடை டான் ஃபெர்மின் மனைவியோடு வந்திருந்தார். தெருக்காரர்கள் எள் விழ இடமில்லாமல் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். குணசீலன் தன் துண்டை வாயில் வைத்துக் கடித்தான், கடவாய்ப் பல்லில் 'நறுக்' என்றது. நாக்கால் துழாவிப் பார்த்தான். பிளாஸ்டிக். ஐயையோ, பிள்ளைகள் விளையாடுகிற சாமான் எதுவோ மாவில் விழுந்துவிட்டது, இத்தனை பேர் முன்னால் இது தெரிந்தால் இந்த அம்மாளுக்கு எவ்வளவு தலைகுனிவு என்று அவனுக்குப் பகீரென்றது. விருந்துக்குப் போன வீட்டில் சோற்றில் கல் கிடந்தால் நாம் என்ன செய்வோம்? சத்தம் காட்டாமல் இலைக்கு அடியில் தள்ளிவிட்டு, 'ரசம் பிரமாதம்' என்போம். அதைத்தான் அவனும் செய்தான். கைக்குட்டையால் வாயைத் துடைக்கிற மாதிரி அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஸ்பானியத்தில், "ரொம்ப ருசிங்கம்மா, ரொம்ப ருசி," என்றான். வளர்ப்பு அப்படி.

ரோஸ்கா தீர்ந்தது. தட்டில் பழத்தோல்தான் மிச்சம். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"யாருக்கும் விழலையா?" என்றார் ஃபெர்மின்.

"எனக்கு இல்லப்பா," என்றார் இலாரியோ, கேட்பதற்கு முன்னாலேயே.

"மூணு வெச்சேன்," என்றார் எல்வீரா. "இந்தக் கையால மூணு வெச்சேன்."

குணசீலனுக்கு 'மூணு' மட்டும் புரிந்தது, மூன்று ராஜாக்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பக்தியோடு தலையாட்டினான். அன்றைக்கு சோப்ரெமேசா நடக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு வேலை நினைவு வந்து எழுந்து போனார்கள்.

மறுநாள் காலை எல்வீராவின் அடுப்பிலிருந்து வந்த ரொட்டிகளில் குழி விழுந்திருந்தது. மேலே பார்த்தால் எப்போதும்போலப் பொன்னிறமாக, உப்பலாக, ஒரு குறையும் இல்லை. பிட்டுப் பார்த்தால் உள்ளே மூன்று குழிகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம், ஒவ்வொன்றும் மல்லாந்து படுத்துக் கையைக் காலை விரித்திருக்கிற ஒரு குழந்தையின் அச்சு, தலை, வயிறு, மடங்கின முழங்கால் எல்லாம் தெளிவாக, யாரோ இப்போதுதான் தூங்கி எழுந்து போன படுக்கையைப்போல. நீள ரொட்டியிலும் மூன்று, உருண்டை ரொட்டியிலும் மூன்று, சர்க்கரை தூவின பன்னிலும் மூன்று. எல்வீரா மாவை மாற்றிப் பார்த்தார், ஈஸ்ட்டை மாற்றிப் பார்த்தார், பிசைகிற கையை மாற்றிப் பார்த்தார், குழி மாறவில்லை.

சாந்தா ரீத்தா ஜனங்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. ரொட்டியில் குழி என்றால் குழிக்கு என்ன உபயோகம் என்று பார்ப்பவர்கள். சாண்ட்விச் வண்டிக்காரர் அந்தக் குழிகளில் அவகாடோவை மசித்து அடைத்தார், ஒழுகாமல் நின்றது, இத்தனை வருடமாக ரொட்டி ஏன் இப்படி வரவில்லை என்று ஆச்சரியப்பட்டார். தாய்மார்கள் ஒரு குழியில் பீன்ஸ், ஒன்றில் சீஸ், ஒன்றில் கத்தரித்த மிளகாய் என்று வைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்; பிள்ளைகள் வெல்லப்பாகை ஊற்றிக் காயவைத்து மிட்டாய்க் குழந்தைகளை வார்த்தெடுத்து ஒன்றுக்கொன்று கல்யாணம் பண்ணிவைத்தார்கள். கர்ப்பிணிகள் குழியை முத்தமிட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். பாதிரியாரிடம் கேட்டதற்கு, ரொட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்கள் இலாகாதான், ஆனால் என்ன இல்லை என்பது எங்கள் இலாகா இல்லை என்று சொல்லி அவர் தப்பித்துக்கொண்டார். நகராட்சியிலிருந்து ஒருவர் தராசோடு வந்து நிறுத்துப் பார்த்தார். குழி விழுந்த ரொட்டியும் வேறு கடையில் வாங்கின குழி விழாத ரொட்டியும் ஒரே எடை இருந்தது, அவர் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

ஆக, குழியை ஊர் மன்னித்தது. மன்னிக்காதது ரோஸ்காவை. தெருவையே கூப்பிட்டு வைத்துக் குழந்தை இல்லாத ரோஸ்காவைக் கொடுத்தவள் என்கிற பேச்சு மெதுவாகக் கிளம்பி, சந்தைக்குப் போய், பேருந்தேறிப் பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. முன்னால் நின்று அதை ஊதிவிட்டவர் டான் இலாரியோ. மாத்திரை எண்ணிக்கொடுக்கிற ஒவ்வொருவரிடமும், "மூணு வெச்சாளாம்! மூணும் காத்துல போச்சாம்! குழந்தைய ஏமாத்தினா ரொட்டியில குழி விழாம என்ன விழும்?" என்று அவர் சொல்லச் சொல்ல, இருமலுக்கு வந்தவர்கள் கோபத்தோடு திரும்பிப் போனார்கள். எல்வீராவின் கடையில் கூட்டம் மெலிந்தது. பாலத்துக்கு அந்தப்பக்கம் இருந்த, ருசி என்று ஒன்றும் இல்லாத ரொட்டிக்கடையில் வரிசை நீண்டது. மத்தியானத்துக்குள் காலியாகிற கூடைகள் சாயங்காலம்வரை நிறைந்தே கிடந்தன. எல்வீரா மிஞ்சின ரொட்டியைத் தட்டிப் பொடியாக்கிக் கோழிக்குப் போட்டார், கோழிகள் மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் தின்றன. மாடியிலிருந்து குணசீலன் அதைப் பார்ப்பான், என்ன நடக்கிறது என்று அவனுக்கு முழுக்க விளங்காது.

விளங்கியது சவரக்கடையில். முகத்தில் நுரை பூசி, கழுத்தில் கத்தி இருக்கிற நேரத்தில் டான் ஃபெர்மின் பேச்செடுத்தார்.

"பாவம், டான் குனா, அந்தப் பொம்பள. மூணு பொம்மை வெச்சேன்னு சத்தியம் பண்ணுறா. யாருக்காவது விழுந்திருந்தா சொல்லாமலா இருப்பாங்க?"

"என்ன பொம்மை?" என்றான் குணசீலன்.

ஃபெர்மின் கத்தியை வைத்துவிட்டு, கண்ணாடிக்குக் கீழே சீப்புகளுக்கு நடுவில் நின்ற ஒரு குட்டிப் பொம்மையை எடுத்துக் காட்டினார். "இது போன வருஷம் எனக்கு விழுந்தது. தமால் போட்டுப் போட்டு என் வீட்டுக்காரிக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு." பிறகு ரோஸ்காவையும், பத்ரினோவையும், கந்தெலாரியாவையும் அவனுக்கு விளக்கமாக, கைஜாடையோடு சொன்னார். சொல்லச் சொல்ல நுரைக்குள் குணசீலனின் முகம் வெளுத்ததை அவர் கவனிக்கவில்லை, நுரையும் வெள்ளைதானே. பாதி சவரத்தோடு எழுந்து போகலாமா என்றிருந்தது அவனுக்கு. தலைகுனிவிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது அந்த அம்மாளின் மானத்தையேதான்.

அவன் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு அவர் கையால் சாப்பிட்டுவிட்டு இப்போது எந்த முகத்தோடு சொல்வது? நம்ம ஆட்களுக்குக் கைவந்த ஒரு வழியைப் பிடித்தான், யாருக்கும் வலிக்காமல் முடித்துவிடுகிற வழி. எல்வீரா கோழிகளைப் பார்க்கக் கொல்லைக்குப் போன நேரத்தில் பொம்மையைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசைக்கு அடியில், சுவரோரமாகப் போட்டுவிட்டு வந்தான். அன்றைக்குக் கை தவறி உருண்டுபோய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள், ஊர் வாய் அடங்கும், எல்லாம் சுபம்.

பெருக்கும்போது எல்வீராவுக்கு அது கிடைத்தது. துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு, மாவுக் கையோடு தெருவுக்கு ஓடினார். "பாருங்க! இதோ பாருங்க! நான் சொல்லலே?" என்று வீடு வீடாகக் காட்டினார். மருந்துக்கடை வாசலில் டான் இலாரியோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டோன்யா எல்வீரா, இது எந்த ரொட்டியிலேர்ந்து வந்துச்சு?"

"மேசைக்கு அடியில கெடந்துச்சு."

"அப்போ இத்தனை நாளா நீங்க வீடு பெருக்கலையா?"

நாலு பேர் சிரித்தார்கள். பொம்மையைத் தானே வாங்கி, தானே போட்டு, தானே கண்டெடுத்துக்கொண்டு வருகிறாள் என்று அன்று சாயங்காலமே பேச்சாகிவிட்டது. மறுநாள் ரொட்டியைப் பிட்டுப் பார்த்தால் அதே மூன்று குழி. பொம்மை வந்ததே தவிர, அதை ஏற்றுக்கொள்கிற ஆள் வரவில்லையே. ரொட்டி அதில் கறாராக இருந்தது. எல்வீரா தட்டுகளைக் கழுவி ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துவைத்தார். பால் கொண்டுவந்தவளிடம், கந்தெலாரியா முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டுக் கடலோரத்தில் இருக்கிற தங்கையிடம் போய்விடப்போகிறேன் என்றார். சத்தமே போடாமல், ரொட்டி விலையைச் சொல்கிற குரலில் அவர் அதைச் சொன்னதுதான் மாடிப்படியில் நின்று கேட்ட குணசீலனை உலுக்கிவிட்டது.

அவன் ஊருக்குப் போன் போட்டான். மனைவி நாகமணி முழுக்கக் கேட்டாள்.

"ஏனுங்க," என்றாள் கடைசியில். "நம்மூர்ல சோத்துல கல்லு கெடந்தா இலைக்கடியில தள்ளிப்போடறோம், செரி. அது தெரியாம விழுந்த கல்லுங்க. இது அவிய தேடி எடுக்கட்டும்னு வெச்சதுங்க. ரெண்டும் ஒண்ணாகிப் போகுமா?"

"அது எனக்குத் தெரியல நாகு."

"தெரியலீன்னா செரி, தப்பில்லீங்க. தெரிஞ்சதுக்கப்பறம் திருட்டுத்தனமாக் கொண்டுபோயி மேசைக்கடியில போட்டீங்க பாருங்க, அதுதானுங்க தப்பு. அந்தம்மா கடையச் சாத்திப்போட்டுப் போச்சுன்னா நாளைக்கு நீங்க ஒரு வாய் ரொட்டி திங்க முடியுங்களா? பத்துப் பேரு முன்னால போன மானத்தப் பத்துப் பேரு முன்னாலதான் திருப்பிக் குடுக்கோணும். நேரா நின்னு சொல்லிப்போடுங்க. வெக்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் முழுக்கத் தெருவில் இறங்குகிற நேரத்துக்கு, குணசீலன் ரொட்டிக்கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றான். எல்வீராவிடம் கேட்டு வாங்கியிருந்த அந்தப் பொம்மையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டான். தெரிந்த ஸ்பானியம் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்திலும் பாதி பயத்தில் போய்விட்டது.

"இது எனக்கு விழுந்தது," என்றான். "அன்னைக்கே விழுந்தது. டோன்யா எல்வீரா பொய் சொல்லல. நான்தான் ஒளிச்சேன். மேசைக்கடியில போட்டதும் நான்தான். இதோ பாருங்க, கால்ல என் பல்லுத் தடம் இருக்கு."

பொம்மை கை மாறிக் கை மாறிப் போனது. கால் பாதத்தில் கடவாய்ப் பல்லின் தடம் அழுந்தி இருந்தது. டான் ஃபெர்மின் ஊரில் பாதிப் பேரின் வாயைக் கிட்டத்தில் பார்த்தவர்; குணசீலனை வாயைத் திறக்கச் சொல்லி, பொம்மையைப் பல்லோடு பொருத்திப் பார்த்து, "இவர் பல்லுதான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஏன் ஒளிச்சீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க ஊர்ல, கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவங்க சோத்துல கல் இருந்தா, அவங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்ல மாட்டோம்."

முன்னால் நின்றவர்கள் இதைப் பின்னால் நின்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

"அப்போ உங்க ஊர்ல மரியாதைக்குக் கல்லைத் திம்பீங்களா?" என்றார் ஃபெர்மின்.

"திம்போம்," என்றான் குணசீலன்.

அவ்வளவுதான், தெரு குலுங்கிச் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக யாரோ கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டார்கள். சிரிப்பு நின்றது. உள்ளே இரண்டு குழிதான் இருந்தது. இன்னொன்றைப் பிட்டார்கள், இரண்டு. கூடை முழுக்கப் பிட்டுத் தீர்த்தார்கள், எல்லாவற்றிலும் இரண்டு. மூன்றாவது இருந்த இடத்தில் மாவு மெத்தென்று நிறைந்திருந்தது. ஊர் மெல்லத் தலையைத் திருப்பி, அன்றைக்கு மேசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தது.

டான் இலாரியோவுக்குத் திடீரென்று மருந்துக்கடையைத் திறக்கவேண்டிய அவசரம் வந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்ததை அந்த ஊரில் பிறந்தவர் யாரும் பார்த்ததில்லை, அதனால் எல்லோரும் பின்னாலேயே போனார்கள். உள்ளே போனவர் வெளியே வரும்போது கையில் ஒரு தைலச் சீசா. கவிழ்த்தார். உள்ளங்கையில் பொம்மை விழுந்தது, நெடி மூக்கைத் துளைத்தது.

"போன வருஷத்துக்கு முந்தின மூணு வருஷமும் எனக்கே விழுந்தது," என்றார், அவருடைய அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ. "ஒரு வருஷம் தப்பிச்சுக்கலாம்னு பார்த்தேன். ஒருதரம் இல்லைன்னு சொல்லிட்டா அப்புறம் அதையே கத்திக்கிட்டுத்தான் இருக்கணும் போல. டோன்யா எல்வீரா, என்னை மன்னிச்சிடுங்க."

எல்வீரா அவரை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு கிழி கிழிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் திரும்பித் தன் கடைக்குப் போய்விட்டார். பெரிய மனசு என்று ஊர் புகழ்ந்தது.

மறுநாள் ரொட்டியில் ஒரு குழி. ஊர் திரும்பி வந்துவிட்டது, பாலத்தைத் தாண்டிப் போனவர்கள் அசட்டுச் சிரிப்போடு வரிசையில் நின்றார்கள், கூடை மத்தியானத்துக்குள் காலியானது. ஆனாலும் எல்வீராவின் முகம் தெளியவில்லை, கடலோரத்துக்குப் போகிற பேச்சையும் அவர் விடவில்லை. மிச்சமிருக்கிற குழிக்குச் சொந்தக்காரர் யார் என்று மேசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் சட்டைப்பையை மனைவி தேடினாள், மனைவி தையல்பெட்டியைப் புருஷன் தேடினான்.

கந்தெலாரியாவுக்கு முதல் நாள் இரண்டு பத்ரினோக்களும் எல்வீராவின் சமையலறையில் தமால் செய்ய இறங்கினார்கள். எல்வீராவை நாற்காலியில் உட்காரவைத்து, எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஃபெர்மினின் மனைவி வேலை வாங்க, குணசீலன் மாவு பிசைந்தான், இலாரியோ தோகையில் பொதிந்தார், அண்டா ஏறியது. அடியில் ஒரு காசைப் போட்டார்கள். தண்ணீர் இருக்கிறவரை காசு கடகடவென்று ஆடும், நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். மத்தியானம் வைத்த அண்டா சாயங்காலம் ஆகியும் காசு ஆடிக்கொண்டே இருந்தது, ஆவி ஜன்னலை மறைத்தது, தமால் மட்டும் வேகவில்லை. பிரித்துப் பார்த்தால் பச்சை மாவு.

"இங்க யாரோ மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க," என்றாள் ஃபெர்மினின் மனைவி. அங்கே இது சட்டம் மாதிரி. அடுப்பங்கரையில் யாராவது மனத்தாங்கலோடு இருந்தால் தமால் வேகாது. அண்டாவின் பிடிகளில் தோகையைக் காது மாதிரி முடிந்து கட்டிவிட்டு, மனத்தாங்கல்காரர் அதற்கு முன்னால் ஆடவேண்டும். காது கட்டினார்கள். முதலில் டான் இலாரியோ ஆடினார், தொந்தி தனியாகவும் அவர் தனியாகவும். வேகவில்லை. குணசீலன் சின்ன வயதில் ஆடின ஒயிலாட்டத்தைத் துண்டோடு ஆடிக்காட்டினான். கைதட்டல் கிடைத்தது, தமால் வேகவில்லை. ரோஸ்கா மேசையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு வரிசையாக ஆடவைத்தார்கள். வேகவில்லை.

அப்போது எல்வீரா எழுந்தார். ஆடப்போகிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் ஏப்ரன் பைக்குள் கையை விட்டு, மூன்றாவது பொம்மையை எடுத்து, மேசைமேல் வைத்தார்.

"எனக்குத்தான் விழுந்தது," என்றார்.

அண்டாவுக்குள் காசு ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கே காட்டியிருந்தா என் பேரு கெட்டிருக்காது. தெரியும். ஆனா காட்டினா ரோஸ்கா போட்ட கைதான் தமாலும் போடணும். மத்த ரெண்டு பேரு வரட்டும்னு இருந்தேன், வரல. அப்புறம் எடுத்துக் காட்ட வழியில்லாமப் போச்சு. ஒண்ணைக் காட்டினதுக்கே என்ன சொன்னீங்க?" அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், முட்டிகள் வீங்கிச் சிவந்த கைகள். "வருஷா வருஷம் யாருக்கு விழுந்தாலும் தமாலுக்கு மாவு பிசையறது என் கைதான். என் வீட்டுக்காரர் போனதிலேர்ந்து நான் கை வெக்காத சாப்பாடு எதையும் நான் சாப்பிட்டதில்ல. ஒரே ஒரு வருஷம், யாராவது எனக்குப் பண்ணிப் போடட்டும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்."

முதலில் அழுதது டான் இலாரியோ, அதுவும் பெரிய குரலில். பிறகு ஃபெர்மினின் மனைவி எல்வீராவின் தோளைப் பிடித்து அழுத்தி மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தாள். குணசீலனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்த மாதிரி இருந்தது. இந்த அம்மாள் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி வரும்போதெல்லாம், அவர் சாப்பிட்டாரா என்று தான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. யாரோ ரொட்டியை எடுத்துப் பிட்டார்கள். குழி இல்லை. மாவு பஞ்சுபோல நிறைந்திருந்தது. அதற்குள் அண்டாவிலிருந்து வெந்த சோளத்தின் வாசனை கிளம்பி, சமையலறை தாண்டித் தெருவுக்குப் போய், கூப்பிடாதவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது.

பண்டிகை மறுநாள்தான் என்றாலும் யாரும் காத்திருக்கவில்லை. குணசீலன் முதல் தமாலைத் தோகை பிரித்து, ஊதி ஆறவைத்து, எல்வீராவின் தட்டில் வைத்தான். ஊரே நின்றுகொண்டிருக்க அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"உப்பு கம்மி," என்றார்.

"போடறேங்கம்மா," என்றான் குணசீலன்.

"வேணாம். நல்லா இருக்கு." இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறமும் ஒன்று. எல்லோரும் சாப்பிட்டு, காப்பி ஊற்றி, சோப்ரெமேசா களைகட்டி, கடலோரத்துத் தங்கையை வேண்டுமானால் இங்கே வந்து இருக்கச் சொல்லுங்கள் என்று இலாரியோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, பதில் வராததைப் பார்த்துத் திரும்பினார்கள். எல்வீரா மேசையில் கையை மடித்துத் தலைவைத்துத் தூங்கிவிட்டிருந்தார். டான் இலாரியோ வாழ்க்கையில் முதல்முறையாகக் கிசுகிசுப்பாகப் பேசினார். பெண்கள் பாத்திரங்களைச் சத்தம் வராமல் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள்.

மறுநாள் காலை ரொட்டிக்கடை அடுப்பு எரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை வாசலில் உட்கார்ந்திருந்த குணசீலன் உதட்டில் விரல்வைத்துத் தடுத்தான். அம்மா தூங்குறாங்க என்றான். சரி என்று சொல்லிவிட்டு அவர்கள் ரொட்டி இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.